துர்காவின் பெயர் வராத போர்டு

நான் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்று விடைபெற்ற அன்று கேக் வெட்டி முடித்ததும் உங்களில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், உங்க கோட் எல்லாம் பாத்தேன். ஏன் லா ஒவ்வொரு லைனுக்குக் கீழயும் ஒரு இஃப்? அது என்ன, நேர்த்திக்கடனா?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது யோசித்தேன். நேர்த்திக்கடன் என்று விளையாட்டாகச் சொன்னது கிட்டத்தட்டச் சரிதான். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் இஃப் போட்டு 'ஆயிற்றா?' என்று சரிபார்க்கும் அந்தப் பழக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில்தான் தொடங்கியது. அன்று என் மகளை இருபத்தைந்து நிமிடம் காணவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் எழுதும் புரோகிராம் தன் கையால் எதையும் தொடுவதில்லை. கோப்பைத் திறப்பது, கம்பி வழியாக ஓர் எழுத்தை அனுப்புவது, இன்னொரு புரோகிராமை ஓட வைப்பது, எல்லாமே கம்ப்யூட்டரின் அடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னலின் வேலை. என் மனைவி வளர்ந்த தோட்டத்தின் ஆபீஸில் ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே கிராணி, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. வெளியே நிற்பவர் உள்ளே நுழைந்து எதையும் எடுக்க முடியாது. ஜன்னலில் நின்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிராணி போய்ப் பார்த்துவிட்டு வந்து "ஆச்சு" என்பார், இல்லாவிட்டால் "முடியாது" என்பார். சிஸ்டம் கால் என்பது அந்த ஜன்னல்தான். புரோகிராம் தனக்கு வேண்டிய வேலையின் எண்ணைச் சொல்லி ஜன்னலைத் தட்டுகிறது. தட்டிய நொடியில் அது நின்றுவிடும், கெர்னல் ஓடத் தொடங்கும். வேலை ஆனாலும் ஆகாவிட்டாலும் கெர்னல் ஓர் எண்ணைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பும்.

ஒரே ஒரு வித்தியாசம். கிராணி முடியாது என்றால் தோட்டத்துக்கே கேட்கும். கெர்னல் கத்தாது. மைனஸ் ஒன்று என்ற சின்ன எண்ணை உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். கையைப் பார்க்காமல் நடந்தால் அது நம் பாடு.

நான் பார்க்காமல் நடந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலாக்கா டவுனில் ஒரு சின்னக் கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மனைவியின் தோட்டம் நியாலாஸ் பக்கம். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட பிறகு பாதிக் குடும்பங்கள் டவுனுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டன. ஆனால் திருவிழா என்றால் அத்தனை பேரும் வந்துவிடுவார்கள். அத்தனை பேர் வந்தால் அத்தனை பிள்ளைகள். அத்தனை பிள்ளைகள் வந்தால் காலையிலிருந்தே தொலைய ஆரம்பித்துவிடுவார்கள்.

கோயில் செயலாளர் செம்பனைப் பழ லாரி ஓட்டுபவர். லாரி அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மைக்கும் அவர் பொறுப்பு. ஒருநாள் என் மாமனார் வீட்டில் உட்கார்ந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"மாப்ள, போன வருசம் நாயனக்காரரு வாசிச்சதவிட, 'நீலச் சட்ட, கால்ல செருப்பு இல்ல, அம்மா உடனே வரவும்'னு நான் கத்துனதுதான் ஜாஸ்தி. அந்த மனுசன் கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு. இந்த வருசம் மைக்ல புள்ள பேரே வரக்கூடாது. நீங்கதான் கம்ப்யூட்டர்ல வேல செய்றீங்களே, ஏதாச்சும் பண்ணுங்க லா."

தோட்டத்து மாப்பிள்ளை முடியாது என்று சொல்லலாமா? எங்கள் கம்பெனியில் சிவப்பு எழுத்து ஓடும் போர்டுகள் இரண்டு சும்மா கிடந்தன. பேங்க்கில் தொங்குமே, அந்த வகை. முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். யூனிக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வாங்கினேன். மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

எழுதியது இதுதான். தொலைந்த பிள்ளையின் பெயரைத் தட்டினால், என் புரோகிராம் கெர்னலிடம் 'ஃபோர்க்' என்று கேட்கும். கெர்னல் ஒரு பிள்ளை புரோசஸை, அதாவது தனியாக ஓடும் ஒரு நகலை, பெற்றுத் தந்து, அதன் எண்ணைக் கொடுக்கும். அந்தப் பிள்ளை, தன் முறை வரும்போதெல்லாம் அந்தப் பெயரை இரண்டு போர்டுகளுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். நிஜப் பிள்ளை கிடைத்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால், குறித்து வைத்த எண்ணைக் கொடுத்துக் கெர்னலிடம் 'கில்' என்று கேட்பேன். அது நின்றுவிடும். ஒரு பெயருக்கு ஒரு புரோசஸ். இன்றைக்கு நீங்கள் இப்படி எழுதினால் நானே திட்டுவேன். அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது.

சோதித்துப் பார்க்க மூன்று பெயர்களைப் போட்டேன். மூன்றும் ஓடின. என் மகள் துர்கா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"என் பேரு போடுப்பா."

"இது தொலைஞ்ச புள்ளைங்களுக்குத்தான்மா."

"ஒரே ஒரு தடவ."

"தொலைஞ்சாத்தான் வரும்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. பால்குடம் கிளம்பும் முன்பே ஒரு போர்டைக் கோயில் வாசல் பந்தலிலும் இன்னொன்றைச் சாப்பாட்டுக் கடைகள் பக்கமும் கட்டினோம். என் மேசை வாசல் பந்தலுக்குள். எட்டரை மணிக்கு முதல் பெயர் ஓடியது. கூட்டம் "ஹோ" என்றது. நாயனக்காரர் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். லாரி அண்ணன் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாக உட்கார்ந்து சிவப்புச் சிராப் தண்ணி குடித்தார்.

ஆனால் நான் ஒன்றை எதிர்பார்க்கவில்லை. வந்து "காணோம்" என்று சொன்னவர்கள் யாரும் திரும்பி வந்து "கிடைத்துவிட்டது" என்று சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்தில் பிள்ளை தொலைவது என்றால், ஏதாவது ஓர் அத்தை வீட்டில் தட்டு நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா போய்க் கண்டுபிடிப்பாள், முதுகில் ஒன்று வைப்பாள், உடனே கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். அதற்குள் அந்த அத்தை அவளையும் உட்கார வைத்து இலை போட்டுவிடுவாள். அதற்கப்புறம் யாருக்கு என் மேசை ஞாபகம் வரும்?

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்து மணிக்கு மேல் ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மாப்ள, இவன் பேரப் போடுங்க."

"யாரு காணாம போனது?"

"இவன்தான்."

"இங்கதானே நிக்கிறான்?"

"அதனால என்ன லா? சிங்கப்பூர்லேர்ந்து அவன் தாத்தா வந்திருக்காரு. பேரன் பேரு லைட்ல ஓடுறத பாக்கணும்ங்கிறாரு."

மாமனார் ஊரில் எப்படி மறுப்பது? போட்டேன். அடுத்து அவருடைய தம்பி வந்தார். அடுத்து பக்கத்து லயத்து வீட்டுக்காரர் இரட்டைப் பிள்ளைகளோடு வந்தார். ஒரு பாட்டி தன் பெயரையே போடச் சொன்னாள். "நான் தொலைஞ்சா எவன் தேடப் போறான், சும்மா போடு." அதையும் போட்டேன். போர்டில் பெயர்கள் தேர் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நண்பகலுக்குச் சற்று முன்னால் மனைவி வந்தாள். கையில் பால்குடப் பிரசாதம்.

"துர்கா எங்க?"

"உன்கூடத்தானே வந்தா?"

"உங்ககிட்ட போறேன்னு சொல்லிட்டு அப்பவே வந்துட்டாளே!"

மற்றவர்கள் பிள்ளை என்றால் அத்தை வீடு ஞாபகம் வரும். நம் பிள்ளை என்றால் கோயிலுக்குப் பின்னால், செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளம் ஞாபகம் வரும். வேலி இருந்தது. வேலியில் ஆடு நுழையும் ஓட்டையும் இருந்தது.

ஆனாலும் நான் பதறவில்லை. இதற்காகத்தானே எழுதியிருக்கிறோம்! துர்காவின் பெயரைத் தட்டினேன். திரையில் ஓக்கே என்று வந்தது.

"போட்டாச்சு. ரெண்டு போர்டுலயும் ஓடும். யாரு பாத்தாலும் இங்க கூட்டிட்டு வந்துருவாங்க. நீ இந்தப் போர்டுக்குக் கீழயே நில்லு."

"குளத்துப் பக்கம் ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா?"

"லாரி அண்ணன் ஆள அனுப்புவாரு. நீ நில்லு."

லாரி அண்ணன் இரண்டு பேரை அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து, குளத்துப் பக்கம் யாரும் இல்லை, சேற்றில் கால் தடமும் இல்லை என்றார்கள். மனைவி தலையை நிமிர்த்தியபடி போர்டின் கீழேயே நின்றாள். நான் மேசையை விட்டு எழவில்லை. யாராவது அவளை அழைத்து வந்தால் நான் இங்கே இருக்க வேண்டுமே. என் புரோகிராமின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இருபது நிமிடம் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன்.

மனைவி மேசைக்கு வந்தாள்.

"அவ பேரு எங்க?"

"வரும். நெறைய பேரு இருக்கு, சுத்தி வரணும்ல."

"நான் ரெண்டு சுத்து முழுசா பாத்துட்டேன். அந்தப் பாட்டி பேருகூட ரெண்டு தடவ வந்துருச்சு. நம்ம புள்ள பேரு வரல."

பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் புரோசஸ் எண் இருந்தது. துர்காவுக்கு எதிரே மைனஸ் ஒன்று.

அது என்னவென்று அந்த நேரத்தில் எனக்குப் புரியவில்லை. யோசிக்க மனமும் இல்லை. எண் ஏதோ தப்பாக விழுந்திருக்கிறது, எடுத்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். துர்கா பெயருக்கு நேரே 'கிடைத்துவிட்டது' என்ற பட்டனைத் தட்டினேன்.

எல்லாம் போனது. திரையிலிருந்த பட்டியல், புரோகிராம், எல்லாமே. லாகின் என்ற ஒரே சொல், யாரோ அப்போதுதான் இயந்திரத்தைப் போட்டது போல, ஒரு மூலையில் மின்னிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே போர்டு பாதிப் பெயரோடு நின்று இருண்டது. கூட்டம் இந்த முறையும் "ஹோ" என்றது.

"என்ன மாப்ள, எம் பேரன் பேரு எங்க?" என்று யாரோ கேட்டார்.

நான் உட்கார்ந்தேன். லாகின் பெயரைத் தட்ட ஆரம்பித்தேன். "அஞ்சே நிமிசம். திரும்ப ஓட விட்டுர்றேன். ஏன் விழுந்துச்சுன்னு மட்டும் பாத்துட்டு..."

மனைவி என் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்தாள். அடிக்கவில்லை, இழுக்கவில்லை, ஒரு தட்டை நகர்த்துவது போல எடுத்து மேசையில் வைத்தாள்.

"உங்க புரோகிராமா காணாம போச்சு?"

எழுந்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று அந்த நாற்காலியை விட்டு எழுந்தது. அதையும் நானாக எடுக்கவில்லை. லாரி அண்ணனிடம் ஓடினேன். அவர் ஒன்றும் கேட்காமல் மைக்கைப் போட்டு என் கையில் கொடுத்தார். நாயனக்காரரைப் பார்த்துக் கை காட்டினார். வாசிப்பு நின்றது. அவ்வளவு பெரிய கூட்டம் அமைதியானது. வாயைத் திறந்தேன். பெயர், வயது, சட்டை நிறம், எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"அப்பா, போர்டு கெட்டுப் போச்சு."

மைக்கில் அது தோட்டம் முழுக்கக் கேட்டது.

குனிந்து பார்த்தேன். ஒரு கையில் பாதி தின்ற கடலைப் பொட்டலம். முகத்தில் பெரிய கோபம்.

"எவ்வளவு நேரம்ப்பா பாக்குறது? எல்லார் பேரும் வந்துச்சு. என் பேரு மட்டும் இன்னும் வரல."

"எங்கம்மா போன?" என் குரலும் மைக்கில் போயிற்று. அது என் குரல் மாதிரியே இல்லை.

"நீங்கதானே சொன்னீங்க, தொலைஞ்சாத்தான் வரும்னு!"

முதலில் சிரித்தது நாயனக்காரர். பிறகு கூட்டம் முழுக்கச் சிரித்தது. லாரி அண்ணன் மைக்கை வாங்கிக்கொண்டு, "துர்கா கெடச்சிட்டா, போர்டுதான் காணோம். கண்டவங்க மாப்ளகிட்ட சொல்லவும்," என்று அறிவித்தார். மனைவி துர்காவின் முதுகில் ஒன்று வைத்து, உடனே கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஓர் அத்தை மூன்று பேருக்கும் இலை போட்டாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். சோற்றில் யாரோ ரசம் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அவள் எங்கே இருந்தாள் தெரியுமா? கடைகள் பக்கத்துப் போர்டுக்கு எதிரே, கச்சாங் பூத்தே என்ற கடலை வகைகள் விற்பவரின் லாரிப் பின்பலகையில், அவர் பிள்ளைகளோடு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நூறு பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் அழாத பிள்ளையைத் தொலைந்த பிள்ளை என்று யாரும் நினைப்பதில்லை. நம் புரோகிராம்களிலும் அப்படித்தான். அழுகிற தவறை எல்லோரும் ஓடிப்போய்த் தூக்குவோம். கடலை தின்றுகொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் தவறைத் தாண்டித்தான் நடந்து போவோம்.

மறுநாள் ஆபீஸில் இதைச் சொன்னேன். புலாவ் செபாங்கிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒரு பெண் எங்களோடு வேலை செய்தார். என்னைவிட ஆறு வயது இளையவர், யூனிக்ஸில் எனக்கு மூத்தவர். என் கோட் முழுவதையும் அச்சடித்துக் கொடுத்தேன். இரண்டு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். பிறகு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"அண்ணே, ஒரு ஆளுக்கு இத்தன புரோசஸ்தான்னு கெர்னல் கணக்கு வச்சிருக்கும். இந்த மெஷின்ல நாப்பது. அந்தப் பாட்டி பேரு வரைக்கும் எல்லாம் போட்டு ரொப்பிட்டீங்க. துர்காவுக்கு ஃபோர்க் கேட்டப்ப, இடமில்லன்னு மைனஸ் ஒன்னு குடுத்திருக்கு. நீங்க அதப் பாக்கவே இல்ல. புள்ள பொறந்துச்சான்னு பாக்காமலே பேர எழுதி வச்சிட்டீங்க."

"ஆனா ஓக்கேன்னு வந்துச்சே?"

"கெர்னலா சொன்னுச்சு? நீங்கதான் கீழ்வரியில ஓக்கேன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டீங்க."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

"சரி, ஏன் எல்லாமே செத்துச்சு?"

இரண்டாவது வட்டத்தைக் காட்டினார். 'கில்' கேட்கும்போது ஒரு புரோசஸின் எண்ணுக்குப் பதில் மைனஸ் ஒன்றைக் கொடுத்தால், இந்த ஆளுக்குச் சொந்தமான எல்லாவற்றையும் நிறுத்து என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். என் மனத்தில் இருந்தது துர்கா. நான் கேட்டது எல்லோரையும். முதல் முறை நான் காதில் வாங்காத மறுப்பை, இரண்டாவது முறை நானே கட்டளையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

"கெர்னலுக்கு உங்க மேல கோவமும் இல்ல, பாசமும் இல்லண்ணே. கேட்டா செய்யும், முடியலன்னா சொல்லும். நின்னு கேக்கறது நம்ம வேல." சொல்லிவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

இதுதான் அந்த இஃப். கெர்னலிடம் எதைக் கேட்டாலும் அடுத்த வரியில் அதன் பதிலைப் பார்க்கிறேன். எழுதினேன் என்றால் எத்தனை எழுத்து போயிற்று என்று பார்க்கிறேன். திறந்தேன் என்றால் திறந்ததா என்று பார்க்கிறேன். மூடினேன் என்றால் மூடியதா என்றுகூடப் பார்க்கிறேன். நீங்கள் சிரிக்கலாம். இன்னொன்றும் சொல்கிறேன், அது கோடில் எழுத முடியாதது. உங்கள் புரோகிராம் விழும்போது, ஏன் விழுந்தது என்ற கேள்வி உங்களை நாற்காலியோடு கட்டிப்போடும். அது சுவையான கேள்வி, அதனால்தான். அதைத் தள்ளி வைத்துவிட்டு, இதை நம்பி யார் எங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்று முதலில் கேளுங்கள். போர்டின் கீழே ஒருவர் தலையை நிமிர்த்தியபடி நின்றுகொண்டிருப்பார்.

அடுத்த வருடமும் போர்டு கட்டினோம். லாரி அண்ணன் விடவில்லை. இந்த முறை ஒரே புரோசஸ் எல்லாப் பெயர்களையும் ஓட்டியது. ஒரு பெயர் போர்டுக்குப் போகாவிட்டால் திரை முழுக்கச் சிவப்பாகி, மைக்கில் சொல்லவும் என்று எழுதிக் காட்டியது.

காலையில் பந்தலில் கூட்டம் இன்னும் சேரவில்லை, யாரும் தொலையவும் இல்லை. துர்காவை மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவள் பெயரைத் தட்டினேன். திரையில் ஓக்கே வந்தது.

"வந்துருச்சா?" என்றாள் மனைவி.

"இரு," என்றேன். எழுந்து பந்தலுக்கு வெளியே போனேன். போர்டின் கீழே மகளோடு நின்று, தலையை நிமிர்த்திக் காத்திருந்தேன். வலது ஓரத்தில் முதல் எழுத்து சிவப்பாக எட்டிப் பார்த்தது. அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தாள். கடைசி எழுத்து இடது ஓரத்தில் மறைந்த பிறகுதான் திரும்பி மனைவியிடம் சொன்னேன்:

"வந்துருச்சு."